மேஸ்திரிக்கு எலுமிச்சம்பழம்

கம்ப்யூட்டர் திரையில் நட்சத்திரக் குறிகளை அடுக்கிக் குத்துவிளக்கு வரைந்து, ஐந்து முகத்துக்கும் தனித்தனியாகச் சுடர் வைத்து, எட்ட நின்று பார்த்து, கிட்ட வந்து பார்த்து, அந்தப் பூரிப்பில் ஒரு லாரி முட்டையைக் கிளம்பவிடாமல் நிறுத்திய முட்டாள் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம்.

எழுதச் சொன்னது திவ்யா. நான் ரிட்டையர் ஆன கம்பெனியில் இப்போது அவள்தான் தலைமைப் புரோகிராமர். போன வாரம் போன் செய்தாள்.

"அண்ணா, உங்க மேஸ்திரிய எடுக்கப் போறோம்."

"ஏன், சம்பளம் கேட்டுதா?"

"சிரிக்காதீங்கண்ணா. புதுசா வந்த டூலெல்லாம் அந்த வேலையத் தானே பாத்துக்குது. ஆனா உள்ள 'மேடம்'னு ஒரு விதி எழுதி, குறுக்க அடிச்சு வெச்சிருக்கீங்க. ஆயுத பூஜையன்னிக்கு ஓட்டுனா 'பழம் வைத்தாயிற்றா'ன்னு கேக்குது. புதுசா சேந்தவங்க என்ன ஏதுன்னு கேட்டு உசிர எடுக்கறாங்க. நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

எழுதிக் கொடுக்கிறேன். ரிட்டையர் ஆனவனிடம் எழுதச் சொன்னால் சுருக்கமாக எழுதுவான் என்று அவள் நம்பினால் அது அவள் பிழை.

இளம்பிள்ளையில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை நான். கம்ப்யூட்டரில் புடவை பார்டர் வரைவதில் தொடங்கி, சேலத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் நடந்த வகுப்பில் புரோகிராம் கற்று, நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு பில் போடும் மென்பொருள் எழுதி, அப்புறம் உலகமே வலைப்பக்கங்களுக்கு மாறியபோது நானும் முனகிக்கொண்டே ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறினேன். இடையில் கழிந்த வருடங்களில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்காகக் காத்திருந்தேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

கம்பெனி, புதுச்சத்திரம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு லாரி உதிரிபாகக் கடைக்கு மேல் மாடி. பெரிய வண்டி போனால் மேஜையில் டீ நடுங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் வழியாகக் காற்றும் டீசல் வாசனையும் சேர்ந்து வந்து கண்ணிமையில் உட்காரும். அந்த நேரத்தில் நான் எழுதிய புரோகிராம்களை மறுநாள் படித்தால் யாரோ கனவில் பேசியது போல இருக்கும். அவற்றில் சில நன்றாகவே ஓடின.

கம்பெனியை நடத்தியவர் பூங்கொடி மேடம். லாரிக் குடும்பம். அப்பாவின் வண்டிகளுக்குக் கணக்கு பார்க்கப் போய், கணக்கு பார்க்கும் மென்பொருள் சரியில்லை என்று கோபப்பட்டு, அந்தக் கோபத்திலேயே ஒரு கம்பெனி தொடங்கியவர். குரல் உயராது. நாம் எவ்வளவு நீளமாகப் பேசினாலும் நம் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார். நாம் எந்த இடத்தைச் சொல்லாமல் மழுப்பினோமோ அந்தக் கேள்வி சரியாக அங்கே போய் நிற்கும். இன்னொரு பழக்கமும் உண்டு. திரையில் பிழைச் செய்தி வந்தால், கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்க வாசிப்பார். அந்தச் செய்தியை எழுதியவன் பக்கத்தில் நின்றால் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ள வேண்டியதுதான்.

இனி மேஸ்திரி. ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட் ஒவ்வொன்றிலும் 'ஸ்கிரிப்ட்' என்று ஒரு பகுதி இருக்கும். ஒரு சின்னப் பெயரைத் தட்டினால் அதன் பின்னால் எழுதி வைத்த கட்டளைகள் வரிசையாக ஓடும்: பழையதைத் துடை, புதிய பக்கத்தைக் கட்டு, சோதித்துப் பார், வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் கொண்டுபோய் வை. எங்கள் வாடிக்கையாளர்கள் பலதரம். கோழிப்பண்ணைகள், போர்வெல் வண்டிக்காரர்கள், லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள், ஓமலூரில் ஒரு விதைக் கடை. புது வாடிக்கையாளர் வந்தால் பழைய புராஜெக்டை நகலெடுத்துப் பெயரை மாற்றிவிடுவோம். அதனால் ஒரே வேலைக்கு வீட்டுக்கு ஒரு பெயர். ஒன்றில் 'கட்டு'. அடுத்ததில் 'கட்டு-புதுசு'. அதற்கடுத்ததில் 'கட்டு-இதுதான்'. ஒன்றில் 'தொடாதே' என்றே ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. எழுதியவன் நான். எதை, ஏன் தொடக்கூடாது என்பது மறந்துவிட்டது. இன்றுவரை யாரும் தொடவில்லை.

ஒருநாள் 'கட்டு-புதுசு' என்பதற்குப் பதிலாக 'கட்டு-இதுதான்' தட்டிவிட்டேன். போர்வெல்காரர் பக்கம் விதைக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டது. கடலை விதை வாங்க வந்தவர்களிடம் அது 'எத்தனை அடி ஆழம்?' என்று கேட்டது. ஒருவர் மட்டும் பொறுப்பாக 'ரெண்டு விரக்கடை' என்று நிரப்பியிருந்தார். மேடம் அதையும் உரக்க வாசித்தார்.

அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் மேஸ்திரி. எல்லாப் புராஜெக்டுகளுக்கும் பொதுவாக ஒரு செட்டிங் ஃபைல். ஸ்கிரிப்டுகளின் பெயர், எதற்கு முன் எது ஓட வேண்டும், தினமும் எந்த வேளையில் எது தானாக ஓட வேண்டும் என்பதெல்லாம் அதில். அந்தந்தப் புராஜெக்டுக்குள் ஒரு சின்ன ஃபைல். அதில் 'எனக்கு மட்டும் இது வேறு மாதிரி' என்பதை எழுதினால் போதும். இரண்டையும் சேர்த்துப் படித்து, ஸ்கிரிப்டுகளை அந்தந்த இடத்தில் எழுதி, வேளை வந்ததும் ஓட்டுவது, நான் எழுதி எல்லாப் புராஜெக்டோடும் ஒட்டவைத்த ஒரு பிளகினின் பொறுப்பு. இரண்டு ஃபைலும் முரண்பட்டால் அந்த வீட்டுக்காரன், அதாவது அந்தப் புராஜெக்டின் சின்ன ஃபைல், சொன்னதே செல்லும்; பொதுவில் சொன்னது செல்லாது. தான் செங்கல்லைத் தொடாமல் மற்றவர்களை வேலை வாங்குவதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தேன்.

'ஒத்திகை' என்று ஒரு வசதியும் உண்டு. அதைத் தட்டினால் மேஸ்திரி ஒரு வேலையும் செய்யாது. நாளை இன்னின்னதைச் செய்வேன் என்று புராஜெக்ட் வாரியாகத் திரையில் சொல்லும். தினமும் சாயங்காலம் அதை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்த பிறகுதான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆபீஸில் ஒரு விதி இருந்தது. விதியை எழுதியவன் நான். முதலில் மீறியவனும் வெளியாள் இல்லை.

மேஸ்திரி ஓடத் தொடங்கியதும் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. கண்ணில் பட்டதையெல்லாம் செட்டிங் ஆக்கினேன். எழுத்தின் நிறத்துக்கு ஒரு செட்டிங். வேலை முடிந்தால் மணி அடிக்கவா, விசில் அடிக்கவா என்பதற்கு ஒன்று. செட்டிங்குகளைக் காட்டவா, மறைக்கவா என்பதற்கும் ஒன்று. "வேலை ரெண்டு வரிண்ணா. அதுக்கு செட்டிங் நாலு பக்கம்" என்றாள் திவ்யா. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். மேடத்திடம் ஒரு முழு முற்பகல் விளக்கினேன். கண்ணாடி கழன்று, துடைக்கப்பட்டு, மறுபடி மாட்டப்பட்டது.

"நீங்க லீவு போட்டா இத யாருங்க பாப்பாங்க?"

"தானா ஓடுமுங்க மேடம்."

மேடம் மறுபடி ரோட்டைப் பார்த்தார். அதுதான் சம்மதம்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆபீஸில் அதற்கு ஒரு முறை இருந்தது. காலையில் கீபோர்டு, மவுஸ், மூலையில் இருக்கும் மெயின் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ. பொரி, சுண்டல். பூஜை முடிந்தால் மறுநாள் காலைப் பூஜை வரை யாரும் கீபோர்டைத் தொடக்கூடாது. சரஸ்வதி முன்னால் வைத்த புத்தகத்தை அன்று படிக்கக் கூடாதல்லவா, அதே கணக்கு. எனக்கு இது மிகவும் பிடித்த சட்டம். இளம்பிள்ளையிலும் அன்றைக்குத் தறி ஓடாது.

முந்தின நாள் மேடம் கேட்டார்: "நாளைக்கு மேஸ்திரி என்னங்க பண்ணும்?"

"அது பாட்டுக்குத் தானா ஓடுமுங்க மேடம். நாம தொட வேண்டியதே இல்லீங்க."

கண்ணாடி கழன்றது. "அதுவும் ஆயுதந்தானுங்களே?"

நான் உருகிவிட்டேன். என் பிளகினை ஒருவர் ஆயுதம் என்று சொல்லிவிட்டார். "கண்டிப்பா லீவு உட்டர்றனுங்க மேடம்!"

பொது ஃபைலில் பூஜை நாளுக்கு ஓய்வு என்று எழுதினேன். எழுதிய பிறகு ஒரு கவலை. வீட்டுக்காரன் சொல்வதே செல்லும் என்பது மேஸ்திரியின் முறை. ஏதாவது ஒரு புராஜெக்டில் யாராவது மாற்றி எழுதி, மேடம் பேச்சு கெட்டுப்போனால்? பிளகினுக்குள்ளேயே ஒரு புது விதி சேர்த்தேன்: 'மேடம்' என்று குறி போட்ட செட்டிங்கை எந்தப் புராஜெக்டும் மீற முடியாது. மரியாதையை இவ்வளவு சுத்தமாக யாரும் புரோகிராமில் எழுதியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. ஒரு டீ குடித்தேன். அப்போதுதான் மறுநாள் முட்டை லோடு அனுப்பவிருந்த கோழிப்பண்ணை ஞாபகம் வந்தது. கோழிக்கு ஏது பூஜை லீவு? பண்ணையின் ஃபைலைத் திறந்து 'எனக்கு மட்டும் ஓய்வு வேண்டாம்' என்று எழுதினேன். டீக்கு முன்னால் நானே போட்ட 'மேடம்' பூட்டு, டீயோடு சேர்ந்து நினைவிலிருந்து இறங்கிவிட்டிருந்தது.

பிறகு ஒத்திகை. அது என்னவோ ஒளிவுமறைவில்லாமல்தான் சொன்னது. முதல் வரியே, 'கோழிப்பண்ணை: ஓய்வு. மேடம் சொன்னது. மீற முடியாது.' ஆனால் பூஜையை முன்னிட்டு, ஒத்திகையின் முடிவில் ஒரு குத்துவிளக்கு வரும்படி அன்றுதான் செய்திருந்தேன். அது திரை உயரத்துக்கு எழுந்து, முன்னால் வந்த வரிகளையெல்லாம் மேலே தள்ளி மறைத்துவிட்டது. விளக்கைப் பார்த்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மதியம் இன்னும் எனக்குள் எங்கோ நடந்துகொண்டே இருக்கிறது. சாம்பிராணிப் புகை மின்விசிறிக்குப் பிடிகொடுக்காமல் ஜன்னல் உயரத்தில் மிதந்தது. கீபோர்டுகள் பூப்போட்டுக்கொண்டு தூங்கின. எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் நெடுஞ்சாலையில் சத்தமே இல்லை. எப்போதாவது ஒரு லாரி, முகப்பில் வாழைக்கன்று ஆட, விருந்துக்குப் போகிற ஆளைப்போல மெதுவாகப் போனது. கீழே உடைத்த பூசணிக்காயின் ஈர வாசனை மாடிவரை வந்தது. வாயில் பொரி கரைந்துகொண்டிருக்க, எனக்குக் கண் சொருகியது. என் ஸ்கிரிப்டுகளெல்லாம் வெள்ளைக் கோழிகளாகி வரிசையாகக் கூண்டுக்குள் போகின்றன. மேஸ்திரி தலைப்பாகை கட்டிக்கொண்டு வாசலில் நின்று பெயர் சொல்லி உள்ளே அனுப்புகிறார். கடைசிக் கோழி மட்டும் போகாமல் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க" என்றது.

கண்ணைத் திறந்தேன். கோழி இல்லை. குழந்தைவேல்.

அந்தக் கோழிப்பண்ணைக்காரர், சின்னப் பண்ணை. அதுவரை முட்டையை ஏஜென்ட்டிடம் கொடுத்துக்கொண்டிருந்தவர், அவரோடு முறித்துக்கொண்டு, அன்றுதான் முதல் முறையாகக் கேரளாவில் ஒரு பெரிய கடைக்கு நேரடியாக லோடு அனுப்புகிறார். அந்தக் கடையில் பேசிப் புரியவைக்க ஆள் கிடையாது. அவர்களுடைய மெஷின் பொழுது சாயும்போது, நாங்கள் கட்டிக் கொடுத்த பண்ணையின் வலைப்பக்கத்தைப் படிக்கும். அன்றைய வண்டி நம்பர் அதில் இருந்தால் காலையில் சரக்கு இறக்க இடம் ஒதுக்கும். இல்லையென்றால், முதல் நாளே சொல் தவறிய பண்ணை என்று தள்ளிவிட்டு அடுத்த பண்ணைக்குப் போய்விடும். மனிதன் என்றால் காலில் விழலாம். மெஷினுக்குக் கால் இல்லை.

"ஏனுங்க, காத்தாலருந்து வண்டி நம்பரப் போட்டுக்கிட்டே இருக்கறனுங்க. பக்கத்துல நேத்து சோதனைக்குப் போட்ட நம்பரே நிக்குதுங்க. முட்டை ஏத்தியாச்சு. டிரைவர் ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறான்."

"மத்தியானமே மேஸ்திரி ஓடி, தானா மாறியிருக்கோணுமே."

"மாறலீங்க. பூஜைக்கு லீவுங்களா?"

"கோழிக்கு லீவில்லைன்னு எழுதியே வெச்சிருக்கறேன்!"

"அது கோழிக்குத் தெரியுதுங்க. மெஷினுக்குத்தான் தெரியல."

போனிலிருந்து சரி செய்யலாமா என்றால், முடியாது. செட்டிங்கை ஆபீஸ் கீபோர்டிலிருந்து மட்டுமே மாற்ற முடியும் என்று பாதுகாப்பு ஏற்பாடு செய்த புத்திசாலியும் நானே. மெயின் மெஷினிடம் போனேன். தவறிக்கூடக் கை படக் கூடாதென்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சந்தனப் பொட்டோடு அது சாந்தமாக இருந்தது.

"மூக்கால தட்டுனா தொட்டதாகுமா?" என்று திவ்யாவிடம் கேட்டேன்.

"மூக்கு உங்களுதுதானேண்ணா?"

"சாமி, என்னமோ பண்ணுங்க" என்றார் குழந்தைவேல். குரல் இறங்கிவிட்டது. "இன்னைக்கு அங்க போவலீன்னா, நாளைக்கு அந்த ஏஜென்ட் ஊட்டு வாசல்ல போயி நிக்கோணும். அவன் செருப்பக் கழட்டச் சொல்லிப்போட்டுத்தான் பேசுவான்."

மூன்று பேரும் மேடத்தைப் பார்த்தோம். மேடம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "கீபோர்டு பூராவும் எழுத்துங்க மேடம். எழுத்து இருந்தா அது புத்தகக் கணக்கு. நாளைக் காலை வரைக்கும் தொடக்கூடாதுங்க."

"லாரி நம்பர் பிளேட்டுலயும் எழுத்து இருக்குதேண்ணா" என்றாள் திவ்யா.

"எங்கூர்ல தறி கூட..."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றார் குழந்தைவேல். "இது நகந்தாத்தானுங்க என் வண்டி நகரும்."

கீழே ஒரு லாரி உறுமியது. பூஜை முடிந்த வண்டி. சக்கரத்துக்கு ஒன்றாக வைத்திருந்த எலுமிச்சம்பழங்களின் மேல் ஏறி, மெதுவாக நகர்ந்து ரோட்டுக்குப் போனது. மேடம் அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பூஜை போட்ட வண்டிய அப்படியே நிக்க உட்டா எங்கப்பா திட்டுவாரு. பழத்து மேல ஏத்தி நகத்துனாத்தான் பூஜை முடிஞ்சுதும்பாரு." என் பக்கம் திரும்பினார். "மூர்த்தி, இத்தன வருசமா இத யாருங்க புத்தகத்தோட சேத்துனது?"

சேர்த்தது அவரேதான்.

"திவ்யா, கீழ போயி பழம் வாங்கிட்டு வா."

வந்தது. கீபோர்டின் நான்கு மூலைக்கும் நான்கு பழம் வைத்து, மேடம் சூடம் காட்ட, நான் கும்பிட்டுவிட்டு முன்னால் தள்ளினேன். லாரிக்கு எடை உண்டு, கீபோர்டுக்கு இல்லை என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. பழங்கள் நசுங்காமல் உருள, கீபோர்டு மேஜை விளிம்பைத் தாண்டிப் பறந்து என் மடியில் விழுந்தது. திவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒண்ணாவது நசுங்கோணும்" என்றார் மேடம், சிரிக்காமல். ஒரு பழத்தின் மேல் கீபோர்டை வைத்து, உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். நசுங்கியது. சாறு தெறித்தது. அன்றிலிருந்து அந்தக் கீபோர்டில் ஸ்பேஸ் பட்டன் ஒட்டும்.

காரணம் தெரிய வேண்டுமே என்று ஒத்திகையைத் தட்டினேன். திரை முழுக்கக் குத்துவிளக்கு எழுந்து நின்றது.

"ஐயோ, மொதல்ல அந்த விளக்க அணைங்கண்ணா!"

"நல்ல நாள்ல அணைன்னு சொல்லாத" என்றார் மேடம்.

"சரி, மலையேத்துங்கண்ணா, சீக்கிரம்!"

விளக்கை மலையேற்றிவிட்டு மேலே நகர்த்தினேன். முதல் வரி வந்தது. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்.

"கோழிப்பண்ணை. ஓய்வு. மேடம் சொன்னது. மீற முடியாது." நிறுத்தினார். "யாருங்க இந்த மேடம்?"

"நீங்கதானுங்க."

"இவரு முட்டைய நிறுத்தச் சொல்லி நான் எப்பங்க சொன்னேன்?"

"லீவு உடச் சொன்னீங்க..."

"மீற முடியாதுன்னு?"

"அது நானா, ஒரு மரியாதைக்கு..."

மின்விசிறி சுற்றியது. குழந்தைவேல் தரையைப் பார்த்தார். என் மானத்தை அவர் காப்பாற்றப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"எடுங்க" என்றார் மேடம்.

குறுக்கே அடித்தேன். முழுதாக அழிக்கவில்லை, அப்படி ஒன்றை எழுதினேன் என்பது எனக்கு மறக்கக் கூடாது. பண்ணையின் ஸ்கிரிப்டை ஓட்டினேன். துடை, கட்டு, சோதித்துப் பார், கொண்டுபோய் வை. பக்கத்தில் அன்றைய வண்டி நம்பர் வந்து உட்கார்ந்தது. நான் செய்யக்கூடியது அத்துடன் முடிந்தது.

மீதி கேரளாவில் இருக்கும் மெஷின் கையில். அது ஏற்கெனவே படித்துவிட்டுப் போயிருந்தால்? குழந்தைவேலின் போன் பொரித் தட்டின் மேல் இருந்தது. நாங்கள் நான்கு பேரும் அதைச் சுற்றி நின்றோம். வெயில் மஞ்சளாகி ஜன்னல் வழியே சாய்ந்து, ஒவ்வொரு கீபோர்டாகக் கடந்து சுவரில் ஏறியது. எலுமிச்சையும் சாம்பிராணியும் கலந்த வாசனையில் எனக்கு மறுபடி அந்தக் கடைசிக் கோழி ஞாபகம் வந்தது. அது கூண்டின் வாசலில் ஒரு காலைத் தூக்கி வைத்து, போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது.

போன் அதிர்ந்தது. பொரி நாலாபக்கமும் சிதறியது.

குழந்தைவேல் படித்தார். மறுபடி படித்தார். "இடம் குடுத்துட்டாங்க" என்றார். எங்களைப் பார்த்து அல்ல, போனைப் பார்த்து. பிறகு குனிந்து, சாறு தெறித்த கீபோர்டிலிருந்து குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று படியிறங்கி ஓடினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கீபோர்டுக்கு அடியில் பழம் வைத்து நகர்த்துவது எங்கள் ஆபீஸ் முறையாகிவிட்டது. பழம் வைத்தாயிற்றா என்று மேஸ்திரி கேட்பது அதனால்தான். அந்தக் கேள்வி ஒரு செட்டிங். யார் வேண்டுமானாலும் மீறலாம். இதுவரை யாரும் மீறவில்லை. குழந்தைவேலின் வண்டி இப்போதும் போய்க்கொண்டிருக்கிறது.

இதை எழுதி முடித்ததும் மேடத்துக்குப் போன் செய்தேன். மேஸ்திரி போனால் போகட்டும், நானும்தான் போய்விட்டேன், அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் வரப்போகிற பூஜைக்குப் பழம் வைக்க வேண்டும் என்று அந்தப் புது டூலுக்கு யார் சொல்வார்கள், சொல்ல ஆளில்லையென்றால் நானே ஒரு சின்ன பிளகின், அதிகம் செட்டிங் இல்லாமல், குத்துவிளக்கும் இல்லாமல், என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனேன். மறுமுனையில் நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று தெரிந்தது.

"பழம் வாங்கியாச்சு, நகத்தத்தான் ஆளில்லீங்க."